ஒட்டிக்கொண்ட ஒன்பது

எங்கள் ஆய்வகத்தில் இரண்டு கெட்டில்களை ஒரே நேரத்தில் போடக் கூடாது. போட்டால் ஃபியூஸ் போய்விடும். அதனால் சுவிட்சைத் தட்டுவதற்கு முன் "கெட்டில்" என்று ஒரு குரல் கொடுப்பது வழக்கம். அடுத்த அறையில் யாராவது ஏற்கெனவே போட்டிருந்தால் "பொறு" என்று பதில் வரும். பிஷ்கெக் நகரத்தில் தேநீருக்கு அனுமதி கேட்டுக் கத்திய ஒரே அலுவலகம் எங்களுடையதாகத்தான் இருக்கும். இப்போது நினைத்தால் அந்தக் கத்தலைக் கேட்பதற்காகவே அங்கே திரும்பிப் போகலாம் போலிருக்கிறது.

கத்தியது தேநீருக்காக அல்ல, கணினிக்காக. மலை ஏரிகளின் நீர்மட்டத்தைக் கணக்கிட்டுச் சொல்வது எங்கள் வேலை. அதற்கு உருப்படியான கணினி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை நானும் ஷைலோபெக்கும் பங்குபோட்டுக்கொண்டோம். அவன் தேர்தல் நாளில் பிறந்தவன். எங்கள் மொழியில் ஷைலோ என்றால் தேர்தல். பெயர் வைத்த நேரமோ என்னவோ, எதையும் முடிவு செய்யாமல் இழுத்தடிப்பான். காலையில் சீக்கிரம் எழ மாட்டான் என்பதால் முற்பகல் எனக்கு, பிற்பகல் அவனுக்கு. என் பெயர் உல்கான். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது தாண்டியிருந்தது, கல்யாணம் ஆகியிருக்கவில்லை, ஆய்வகத்தில் எல்லோருக்கும் என்னைக் கண்டால் கொஞ்சம் பயம்.

அந்தக் கணினியில் எப்போதும் ஒரு கறுப்பு ஜன்னல் திறந்தே இருக்கும். பைத்தான் என்ற கணினி மொழியில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், அந்த மொழியோடு சாதாரணமாக வரும் ஷெல், அதாவது வரி வரியாகத் தட்டிக் கேட்கும் ஜன்னல், ஓர் ஊமை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். எங்களுடையது அதைவிடக் கெட்டிக்காரி. கேட்ட ஒவ்வொரு வரிக்கும் பச்சையில் எண் போடும், சொன்ன பதிலுக்குச் சிவப்பில் எண் போடும். ஒரு பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியைத் தானே எழுதிவிடும். பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டால் அது இன்னது, இங்கிருந்து வந்தது என்று சொல்லும். மேல் அம்பை அழுத்தினால் முன்பு தட்டிய வரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். வெளியேறப் போனால் மட்டும் விடாது, "உண்மையிலேயே போகப்போகிறாயா?" என்று கேட்கும்.

"எங்க வீட்லகூட யாரும் என்னை இப்படிக் கேட்டதில்ல" என்பான் ஷைலோபெக்.

"போறேன்னு நீ வாயால சொன்னதே நிம்மதின்னு விட்டிருப்பாங்க" என்பேன் நான்.

அந்த ஜன்னலை நாங்கள் மூடவே மாட்டோம். மூடினால் இருபது வருட வெப்பநிலைப் பதிவுகளை மறுபடியும் முதலிலிருந்து உள்ளே ஏற்ற வேண்டும். அந்தக் கிழட்டு இயந்திரத்துக்கு அதற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆகவே நான் விட்ட இடத்தில் அவன் தொடங்குவான், அவன் விட்ட இடத்தில் நான் தொடங்குவேன். அடுப்பிலேயே வாரக்கணக்கில் கொதிக்கும் சூப்புப் பானையை இரண்டு பேர் மாறிமாறிக் கிளறியதைப் போலத்தான். கோப்பில் எழுதிவைத்த நிரல் ஒன்று இருந்தது. அது சமையல் குறிப்பு. பானைக்குள் உண்மையில் என்ன கிடக்கிறது என்பது கிளறியவர்களுக்குத்தான் தெரியும்.

காலையில் நான் போய் உட்காரும்போது முந்தின நாள் அவன் வைத்துவிட்டுப் போன பெயர்கள் உள்ளே இருக்கும். எண்களுக்கு மனிதர்களின் பெயரை வைப்பது அவனுடைய கெட்ட பழக்கம். பனி உருகும் வேகத்துக்குத் தன் மாமாவின் பெயர், ஏனென்றால் மாமா சீக்கிரம் அழுதுவிடுவாராம். ஏரியின் அடியில் பனிக்கட்டியின் ஓட்டை வழியாகத் தண்ணீர் எவ்வளவு கசிகிறது என்ற எண்ணுக்கு 'தமாரா'. அது எங்கள் இயக்குநர் தமாரா இக்னாத்யெவ்னாவின் பெயர்.

"அவங்ககிட்ட ஒரு ரகசியம் தங்குமா? சொல்லு" என்றான்.

"அவங்க பாத்தா உன் சீட்டு கிழியும்."

"அவங்க இந்தப் பக்கமே வரமாட்டாங்க. கறுப்பா இருக்கறது எல்லாமே கெட்டுப்போன கம்ப்யூட்டர்னு நினைப்பு."

அந்த வருடக் கோடையில் தெர்ஸ்-கோல் என்ற ஏரி எங்கள் தலைமேல் உட்கார்ந்திருந்தது. அதற்கு நேர் கீழே இருக்கும் மேல்மேட்டில் புல் இடுப்பளவு வளரும். தண்ணீர் வரும் வழிக்கு ஒதுங்கியிருந்த கீழ் முகாமில் கூடாரம் போட்டிருந்த பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் அங்கே குதிரைகளை ஓட்டிப்போகக் காத்திருந்தன. அவற்றில் ஒன்று என் அண்ணன் மம்பெத்தாலியின் குடும்பம். முந்தின வருடம் இதே ஏரி உடையப்போகிறது என்று எங்கள் ஆய்வகம் சொல்லி, எல்லோரையும் மேல்மேட்டிலிருந்து இறக்கினோம். ஏரி அசையவே இல்லை. கீழே புல் போதாமல் குதிரைகள் மெலிந்தன, பால் வற்றியது, குளிர்காலத்துக்கு வைத்திருந்த தீனியில் கோடையிலேயே கைவைத்தார்கள். என் அண்ணன் ஒரு குளிர்காலம் முழுவதும் என்னோடு பேசவில்லை.

"இன்னொரு தடவை பொய்யா 'இறங்கு'ன்னு சொன்னா, அப்புறம் நெஜமாவே தண்ணி வரும்போது ஒருத்தனும் இறங்கமாட்டான்" என்று தமாரா இக்னாத்யெவ்னா எங்களை நிற்கவைத்துச் சொல்லியிருந்தார். சொன்னது சரிதான். அதனால் ஏரிக்கரையிலிருக்கும் அளவுகோலை நேரில் பார்த்துவர ஷைலோபெக் திங்கட்கிழமை லாரியில் மலைக்குப் போனான். அங்கே இருக்கிற வானிலைச் சாவடியில் ரேடியோ உண்டு. காலை, நண்பகல், மாலை ஆறு மணி, இந்த மூன்று வேளைதான் அதில் பேச முடியும். மற்ற நேரம் சாவடிக்காரர் அதை அணைத்துவைத்துவிடுவார்.

வியாழக்கிழமை காலை அவன் குரல் கரகரவென்று வந்தது. ஏரி மட்டத்தைச் சொன்னான்.

"உங்க அண்ணன் எனக்கு கிமிஸ் ஊத்தி ஊத்தியே கொல்றார். சீக்கிரம் கணக்கப் போட்டு ஒரு பதில் சொல்லு, இல்லேன்னா குதிரைப்பால்லயே என் உயிர் போயிடும்."

"மேட்டுக்குப் போலாம்னு சொல்ற வரைக்கும் ஊத்துவார். அது உபசாரம் இல்ல, லஞ்சம்" என்றேன்.

கறுப்பு ஜன்னலில் அந்த மட்டத்தைப் போட்டு, கணக்கின் கடைசிப் பகுதியை ஓட்டினேன். பதில் நன்றாக இருந்தது. செப்டம்பர் இருபத்துமூன்று வரை தண்ணீர் விளிம்பைத் தொடாது. அதற்குள் குடும்பங்கள் தாமாகவே இறங்கிவிடும். நண்பகல் ரேடியோவில் தமாரா இக்னாத்யெவ்னா தம் வாயாலேயே "போகலாம்" என்றார். அந்தப் பக்கம் என் அண்ணன் சிரித்தது இங்கே கேட்டது. ஷைலோபெக்கும் அவர்களோடு மேல்மேட்டுக்குப் போய், மறுநாள் அளவுகோலை இன்னொரு முறை பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னான்.

தமாரா இக்னாத்யெவ்னாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு வருட அவமானம் தீர்ந்ததல்லவா. எல்லோருக்கும் தம் கையாலேயே தேநீர் என்றார். அலமாரியிலிருந்து எண்ணெயில் பொரித்த போர்சோக் துண்டுகளை எடுத்துத் தட்டில் கொட்டினார். அந்தச் சந்தோஷத்தில் குரல் கொடுக்க மறந்து கெட்டிலைப் போட்டார். அடுத்த அறையில் வரைபடக்காரர்களின் கெட்டில் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது.

பட்டென்று எல்லாம் அணைந்தது. கறுப்பு ஜன்னல் இருந்த இடத்தில் வெறும் கறுப்பு.

"அய்யோ" என்றார் தமாரா இக்னாத்யெவ்னா. "பரவாயில்ல, பதில்தான் கெடச்சிருச்சே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வசந்தம் முழுவதும் கிளறிய பானை அது. அந்தக் காலத்து ஷெல், முறையாக விடைபெற்று வெளியேறினால்தான் தட்டிய வரிகளைக் கோப்பில் எழுதிவைக்கும். மின்சாரம் போனால் போனதுதான், மேல் அம்பை அழுத்தினாலும் வெறுமைதான். முணுமுணுத்துக்கொண்டே ஃபியூஸைப் போட்டேன், கணினியை எழுப்பினேன், முதல் வரி என்ற எண்ணோடு ஜன்னல் புதிதாக வந்தது. கோப்பை அதன் முதல் வரியிலிருந்து ஓட்டிவிட்டு, ஆறிப்போன தேநீரைக் குடித்துக்கொண்டு காத்திருந்தேன். மறுநாளைக்குத் தயாராக இருக்கட்டும் என்றுதான் செய்தேன், வேறு எண்ணம் எனக்கு இல்லை. பதிவுகள் ஏறி முடிந்ததும் காலையில் அவன் சொன்ன அதே மட்டத்தைப் போட்டேன்.

பதில் செப்டம்பர் இல்லை. இரண்டே நாளில், சனிக்கிழமை, தண்ணீர் விளிம்பைத் தாண்டும் என்றது.

தட்டியதில் தவறு இருக்கும் என்று மறுபடி ஓட்டினேன். சனிக்கிழமைதான். காலையில் இதே கணக்கு, இதே மட்டம், செப்டம்பர். இப்போது சனிக்கிழமை. கையிலிருந்த கோப்பையைக் கீழே வைக்கத் தெரியாமல் வைத்திருந்தேன். அந்த நேரத்தில் மேல்மேட்டில் என் அண்ணன் கூடாரத்துக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருப்பார். ஷைலோபெக் அவர்களுக்கு உதவுகிறேன் என்று இடைஞ்சல் செய்துகொண்டிருப்பான்.

தமாரா இக்னாத்யெவ்னா வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"எது சரி?" என்றார்.

"தெரியல."

"தெரியலன்னா எப்படி? ரெண்டு கணக்குமே நீ போட்டதுதானே?"

"காலைல ஓடின ஜன்னல்ல ஏதோ ஒரு எண் கையால மாத்தியிருந்திருக்கு. அது கோப்புல இல்ல. அது அளந்து பாத்துச் செஞ்ச திருத்தமா இருந்தா காலைல வந்ததுதான் சரி. சும்மா சோதிச்சுப் பாத்ததா இருந்தா இதுதான் சரி."

"யார் மாத்தினது?"

"நான் இல்ல."

அவர் ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்றவைக்காமலே விரலில் உருட்டினார். "உல்கான், ஆறு மணிக்கு ரேடியோ. அத விட்டா நாளைக்குக் காலைலதான். 'இருக்கலாம்'னு நீ சொன்னா நான் அதத் தொடமாட்டேன். போன வருஷமும் 'இருக்கலாம்'னுதான் ஆரம்பிச்சோம். நிச்சயமாச் சொல்லு, எறக்கறேன். அப்படி இல்லேன்னா அவங்க அங்கயே இருக்கட்டும்."

அவர்மேல் எனக்கு அப்போது வந்த கோபம் இருக்கிறதே. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இயந்திரம் மறந்துவிட்டது. ஆகவே நான்தான் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பிற்பகல் பிற்பகலாகப் பின்னால் போனேன். என் முறை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், எதிர் மேசையில் வரைபடம் பார்ப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு தினமும் உட்கார்ந்திருந்தேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் ஒன்றும் தெரியாது. அவன் தட்டியதெல்லாம் தெரிந்தது. தட்டும்போது உதட்டை அசைத்துச் சொல்லிக்கொண்டே தட்டுவான். மே மாதம் கண்ணாடியை உடைத்துக்கொண்டு திரையில் மூக்கு இடிக்கத் தட்டியது. மாமாவின் பெயரில் உருகும் வேகத்தைக் கூட்டியது, பிறகு மனம் இளகிக் குறைத்தது, அதை ஒழுங்காகக் கோப்பிலும் எழுதியது. ஒவ்வொன்றாக வந்தது. கடைத் தெருவில் மாவு என்ன விலை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் இந்த மனிதன் ஒரு வசந்தம் முழுக்கத் தட்டியதை வரி பிசகாமல் வைத்திருந்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

கடைசியாக வந்தது திங்கட்கிழமை. லாரிக்குக் காத்திருந்தான். தொப்பி நிறைய ஆப்ரிகாட் கொண்டுவந்திருந்தான், பட்கென் ஊர்ப் பழம், தொட்டாலே சாறு வடிவது. தின்றுகொண்டே கணினி முன் உட்கார்ந்தான்.

"உங்க அண்ணனுக்கு மேல்மேடு வேணுமாமே. தமாராவை நல்லா வாயத் தொறக்க வெச்சா என்ன ஆகும்னு பாப்போமா?" என்றான்.

"கையத் தொடச்சுக்கிட்டுத் தட்டு."

"எவ்வளவு ஒழுகினா இந்த ஏரி சாதுவா இருக்கும்னு பாக்கறேன், சும்மா." தட்டினான். பதிலைப் பார்த்துச் சிரித்தான். "பாரு, சல்லடையா இருந்தாத்தான் உங்க அண்ணன் தப்பிப்பார்."

அப்போது முற்றத்தில் லாரி ஹாரன் அடித்தது. தொப்பியை என் மேசையில் கவிழ்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நான் ஜன்னலுக்குப் போனேன். கறுப்பு ஜன்னலுக்கு அல்ல, சுவரில் இருந்த ஜன்னலுக்கு. லாரி தெருமுனை திரும்பும்வரை அங்கேதான் நின்றேன்.

ஓடுவதற்கு முன் பழைய எண்ணைத் திரும்பப் போட்டானா? அதுதான் கேள்வி. நான் பார்க்கவில்லை.

கண்ணைத் திறந்து விசைப்பலகையைப் பார்த்தேன். பிறகு ஒவ்வொரு விசையாக விரலால் தொட்டேன்.

"என்ன பண்ற?" என்றார் தமாரா இக்னாத்யெவ்னா.

"இங்க தொட்டுப் பாருங்க."

'டி' ஒட்டியது. 'ஏ' ஒட்டியது. டேப் ஒட்டியது. 'எம்'மும் 'ஆர்'ரும் ஒட்டவில்லை, ஏனென்றால் அந்தச் சோம்பேறி எந்தப் பெயரையும் முழுதாகத் தட்டியதே கிடையாது. இரண்டு எழுத்து, டேப், அவ்வளவுதான். சமக்குறி ஒட்டியது, புள்ளி ஒட்டியது, ஒன்பது நன்றாகவே ஒட்டியது. மேல் அம்பும் என்டரும் ஒட்டின. எண்களின் வரிசையில் வேறு எதுவும் ஒட்டவில்லை. கோப்பில் இருந்த எண் புள்ளி மூன்று. மூன்றாம் விசை பளிங்குபோல் இருந்தது. அவன் திரும்பப் போடவில்லை.

"தமாராவைப் புள்ளி ஒம்பதுன்னு மாத்திட்டு அப்படியே போயிட்டான்" என்றேன்.

"எந்தத் தமாரா?"

அந்த அவசரத்தில் என் வாயில் வேறு பொய் வரவில்லை. "ஏரியோட கசிவு. அதுக்கு அவன் வெச்ச பேரு."

அவர் என்னைப் பார்த்தார். "கசிவு. நானு."

"ஆமா."

"உயிரோட வரட்டும், பேசிக்கறேன்" என்றார். "போட்டுக் காட்டு."

நானும் இரண்டு எழுத்து தட்டி டேப்பை அழுத்தினேன். பெயர் தானாக நிறைந்தது. புள்ளி ஒன்பது, என்டர். கணக்கை ஓட்டினேன். செப்டம்பர் இருபத்துமூன்று. காலையில் வந்த அதே தேதி, அதே மணி. மேல் அம்பால் அந்த வரியைத் திரும்ப வரவழைத்து, ஒன்பதை அழித்து மூன்று போட்டேன். சனிக்கிழமை.

"நிச்சயமா?" என்றார்.

"நிச்சயம். எறக்குங்க."

அவர் எழுந்து இரண்டடி போனவர் நின்றார். "இந்த மேசைய நீ ஒரு நாளைக்கு ரெண்டு தடவை தொடைப்பே. நான் சாம்பல் தட்டினா என்னையே திட்டுவே. திங்கட்கெழமைலேர்ந்து இது ஒட்டிக்கிட்டு இருக்கு, நீ தொடைக்கலையா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவர் ரேடியோ அறைக்குப் போய்விட்டார். துடைக்கவில்லைதான். துணியை எடுத்துக்கொண்டு இரண்டு முறை வந்தேன், இரண்டு முறையும் திரும்ப வைத்துவிட்டேன். அவன் திரும்பி வரும்வரை இருக்கட்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஆறு மணிக்குச் சாவடிக்காரர் கேட்டார், நம்பவில்லை, மறுபடி சொல்லச் சொன்னார். தமாரா இக்னாத்யெவ்னா மலைகள் எல்லாம் கேட்கும்படி ரஷ்யமொழியில் கத்திய பிறகுதான் சாவடிக்காரர் குதிரையில் ஓர் ஆளை மேல்மேட்டுக்கு அனுப்பினார். அன்று இருட்டுவதற்குள் எல்லோரும் கீழ் முகாமுக்கு இறங்கினார்கள். மறுநாள் காலை ரேடியோவில் என் அண்ணன் வந்தார்.

"மத்தியானம் ஏறு, சாயங்காலம் எறங்கு. நாங்க என்ன உன்னோட சதுரங்கக் காயா?" என்றார். இன்னும் சொன்னார், அதை எழுத முடியாது.

"அண்ணா, என்னை எவ்வளவு வேணா திட்டுங்க. ஆனா கீழயே இருந்து திட்டுங்க" என்றேன்.

ஏரி சனிக்கிழமை உடையவில்லை. அன்று முழுவதும் ரேடியோ அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு நண்பகலில் உடைந்தது. மேல்மேட்டில் புல் இருந்த இடத்தில் கல்லும் சேறும் ஓர் ஆள் உயரத்துக்குக் கிடந்தன. கீழ் முகாமில் ஓர் ஆட்டுக்குட்டிகூடச் சாகவில்லை. என் அண்ணன் மாலை ரேடியோவில் என் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, ரேடியோவைச் சாவடிக்காரரிடம் கொடுத்துவிட்டார்.

புதன்கிழமை ஷைலோபெக் வந்தான். தாடி, சேறு, குதிரை வாசனை. தமாரா இக்னாத்யெவ்னா வாசலிலேயே மறித்தார்.

"வாப்பா. நான் ஒழுகறேனாமே."

அவன் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அவர் மேலும் திட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் ஒழுகுகிறவர் அல்லவா, விசைகளை நான் துடைக்காத கதையை அங்கேயே ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்.

அவன் வந்து கணினி முன் உட்கார்ந்தான். ஒன்பதாம் விசையை விரலால் தொட்டுப் பார்த்தான். இன்னும் ஒட்டியது.

"திங்கட்கெழமை நான் என்ன சட்டை போட்டிருந்தேன்?" என்று திரும்பாமலே கேட்டான்.

"நீலம். காலர்ல பட்டன் இல்ல" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது.

அவன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு தட்டினான். டேப் போடவில்லை. என் பெயரின் எழுத்துக்களை ஒவ்வொன்றாக முழுதாகத் தட்டினான். கடைசியில் ஒரு கேள்விக்குறி. என்டர்.

அப்படி ஒரு பெயர் இங்கே இல்லை என்றது ஷெல்.

"உல்கான்னு யாரும் இல்லையாம்" என்றான்.

"இங்கதான் இருக்கேன்" என்றேன் பின்னாலிருந்து.

இலையுதிர்காலத்தில் கல்யாணம். என் அண்ணன் ஒரு குதிரையை அறுத்தார். விருந்தில் யாரோ தேநீர் போடப் போகையில் தமாரா இக்னாத்யெவ்னா "கெட்டில்" என்று கத்தினார்.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம் ஷைலோபெக் இறந்துபோனான். நெஞ்சுவலி. இந்த விஷயத்தில் மட்டும் இழுத்தடிக்கவில்லை. ஆய்வகம் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது, அங்கே இப்போது எத்தனை கெட்டில் வேண்டுமானாலும் போடலாம். இளையவர்கள் எல்லாவற்றையும் உலாவியில் திறந்து வண்ணப் படமாக வரைகிறார்கள். எனக்கு இன்னும் கறுப்பு ஜன்னல்தான். வீட்டுக் கணினியில் நாங்கள் இருவரும் பழகியது, எனக்கு அது போதும்.

இப்போதைய ஷெல் பழையதைப்போல் மறக்காது. மின்சாரம் போனாலும் சரி, சொல்லிக்கொள்ளாமல் போனாலும் சரி, தட்டிய வரியை அப்போதே எழுதிவைத்துக்கொள்ளும். அதுமட்டுமல்ல. ஓர் எழுத்தைத் தட்டினால், முன்பு எப்போதோ அந்த எழுத்தில் தொடங்கிய வரியின் மீதியைச் சாம்பல் நிறத்தில் மங்கலாகக் காட்டும். வேண்டுமானால் வலது அம்பை அழுத்தி ஏற்கலாம். வேண்டாமென்றால் நம்பாட்டுக்குத் தட்டிக்கொண்டே போகலாம். அவன் போன பிறகு நெடுநாள் அதை நான் திறக்கவில்லை. திறந்த அன்று எதற்கோ 'டி' தட்டினேன், 'தமாரா' என்று சாம்பலில் வந்தது. கடைசிவரை எந்த ஏரியின் கசிவுக்கும் அவன் வேறு பெயர் வைக்கவே இல்லை. சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன்.

அவன் தட்டியது ஒவ்வொன்றும் இதற்குத் தெரியும். நீலச் சட்டை தெரியாது, காலரில் பட்டன் இல்லாதது தெரியாது, தொப்பி நிறைய ஆப்ரிகாட் தெரியாது. அதையெல்லாம் நான்தான் வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் பங்குபோட்டுக்கொண்டுதான் அவனை நினைவு வைத்திருக்கிறோம்.

நேற்றுப் பிற்பகல், அவனுடைய முறை நேரத்தில், ஓர் உருகல் கணக்குக்கு 'யு' என்று தட்டினேன். மீதியை நான் தட்டுவதற்குள் சாம்பல் நிறத்தில் என் பெயர் வந்து நின்றது, முழுதாக, கடைசியில் கேள்விக்குறியோடு. பின்னால் போய்ப் பார்த்தேன். அவனுடைய கடைசி இலையுதிர்காலத்தில், அண்ணன் காலை உடைத்துக்கொண்டார் என்று நான் மலைக்குப் போய் மாதக்கணக்கில் தங்கியிருந்தபோது தட்டியது. ஒரு முறை அல்ல. வீட்டில் தனியாக உட்கார்ந்து, இல்லை என்றுதான் சொல்லும் என்று தெரிந்தே, மறுபடி மறுபடி கேட்டிருக்கிறான். திரும்பி வந்த பிறகு என்னிடம் சொல்லவே இல்லை.

"இங்கதான் இருக்கேன்" என்றேன். ஆளில்லாத அறையில் சத்தமாகவே சொன்னேன்.

வேலை ஓடவில்லை. மூடிவிடலாம் என்று வெளியேறும் விசைகளை அழுத்தினேன். உண்மையிலேயே போகப்போகிறாயா என்று கேட்டது. இல்லை என்று அழுத்திவிட்டு, கெட்டிலைப் போட எழுந்து போனேன்.